பத்துக் கோழிக்கு எவ்வளவு பெரிய கூடு கட்டுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "முட்டைக்காகப் பத்துப் பெட்டைக் கோழிகள் வளர்க்கப்போகிறேன். ஒருவர் ஐந்துக்கு எட்டு அடியில் கூடு போதும் என்கிறார். இன்னொருவர் நூறு சதுர அடிக்குக் குறையக்கூடாது என்கிறார். பெரிதாகக் கட்டினால் குளிர்காலத்தில் கோழி விறைத்துவிடும் என்று மூன்றாவது ஆள் பயமுறுத்துகிறார். எந்தத் தட்பவெப்பத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?"

முதல் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் கூட்டில் இரவு தூங்க மட்டும் வரும் கோழிக்குக் கணக்குச் சொல்கிறார். மற்றவர் நாளெல்லாம் உள்ளேயே வாழும் கோழிக்குச் சொல்கிறார். மூன்றாவது ஆளின் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு கிலோ அளவில் இருக்கும் சாதாரண முட்டைக்கோழி பகல் முழுக்க வெளியே மேய்ந்துவிட்டு இருட்டினதும் அடைய வருகிறது என்றால், ஒன்றுக்கு 3 முதல் 4 சதுர அடி தரை போதும். அதே கோழி நாள் முழுக்க உள்ளேயே இருக்க வேண்டும் என்றால் 8 முதல் 10 சதுர அடி. பாண்டம் போன்ற குள்ள ரகங்களுக்கு இதில் பாதி போதும். பிரம்மா மாதிரி கனத்த ரகங்களுக்கு ஒன்றரை மடங்கு போடுங்கள். கூட்டை ஒட்டிய கம்பிவலை முற்றம் வைப்பதானால் அதில் கோழிக்கு 10 சதுர அடி தனியாக வேண்டும். அதைவிடக் குறைந்தால், மழை பெய்ததும் முற்றம் முழுக்கச் சேறுதான்.

எங்கேயாவது இதைவிடச் சின்ன எண்களைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு விதி, கூண்டில்லாமல் வளர்க்கும் பண்ணைகளில் ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழிகள் வரை அனுமதிக்கிறது. கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 1.2 சதுர அடிதான் வரும். அது வணிகப் பண்ணைக்கான கீழ்வரம்பு. காற்றோட்டம், தீனி, வெளிச்சம் எல்லாவற்றையும் ஆள் வைத்துக் கவனிக்கும் இடம் அது. வீட்டில் பத்துக் கோழி வைத்திருப்பவர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அந்த அடர்த்தியில் நமக்குத் தாங்காது.

ஆயத்தக் கூடுகளின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். நான் முதன்முதலில் வாங்கிய மரக்கூட்டில் "8 கோழிகளுக்கு" என்று போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நாடாவை வைத்து அளந்தால் உள்ளளவு 3 அடிக்கு 4 அடி. அதிலும் முட்டைப்பெட்டிகள் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தன. மிச்சத்தை எட்டால் வகுத்தால் கோழிக்கு ஒரு சதுர அடி. கோழியை நிறுத்தி அடுக்கி வைத்தால் எட்டு கொள்ளும், அந்த அர்த்தத்தில் விற்றவர் சொன்னது உண்மைதான். நான்கு கோழி விட்டேன். இரண்டாவது வாரமே ஒன்றின் வால்புறத்தில் இறகு இல்லை, மற்ற மூன்றும் கொத்திப் பிடுங்கியிருந்தன.

சரி, உங்கள் கூட்டுக்கு 4 சதுர அடியா, 10 சதுர அடியா? இதை முடிவு செய்வது தட்பவெப்பம்தான், ஆனால் ஆண்டின் சராசரி வெப்பநிலையைப் பார்த்துப் பயனில்லை. உங்கள் ஊரில் ஆண்டின் மிக மோசமான மூன்று நான்கு வாரங்களில் கோழி எத்தனை நாள் தொடர்ச்சியாக வெளியே கால் வைக்காமல் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பனி ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தால் பெரும்பாலான கோழிகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். அடைமழையிலும் அப்படித்தான். கடும் வெயிலில் நிழல் இருக்கும் இடத்தைவிட்டு நகராது. இப்படி அடைபட்டுக் கிடப்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள்தான் என்றால் 4 சதுர அடியில் சமாளிக்கலாம், கோழி முறைத்துக்கொண்டு இருந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் கொத்துச்சண்டை, முட்டை குடிப்பது, ஒன்றை மட்டும் மூலையில் ஒதுக்கித் துரத்துவது எல்லாம் தொடங்கும். அப்போது 8-க்குக் குறைந்து போகாதீர்கள்.

வானிலை மட்டும்தான் கோழியை உள்ளே அடைக்கும் என்றும் இல்லை. பறவைக் காய்ச்சல் பரவினால் சில நாடுகளில் வளர்ப்புப் பறவைகளை வெளியே விடக்கூடாது என்று அரசே உத்தரவு போடுகிறது. பிரிட்டனில் 2021 நவம்பர் கடைசியில் வந்த அப்படியொரு உத்தரவு 2022 மே தொடக்கம் வரை நீடித்தது. பகலில் மேயத்தானே போகிறது என்று நம்பிச் சின்னக் கூடு கட்டியவர்கள் ஐந்து மாதம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி வெக்கை. கூடு கட்டுபவர்கள் அதிகம் தப்பு செய்வது இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூட்டைக் கொண்டை, தாடி, கால் வழியாக வெளியே விடும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிடும், கடைசியாக வாயைத் திறந்து இரைக்கும். அதற்கு இதமான வெப்பநிலை 18-லிருந்து 24 டிகிரி வரை. 30-ஐ நெருங்கும்போதே இரைக்கத் தொடங்கிவிடும். 35-ஐத் தாண்டி, காற்றும் அசையாமல் நின்றால் சாவு விழலாம். இத்தோடு இன்னொன்று: சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு கோழி சுமார் 10 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பத்துக் கோழி என்றால் பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்று கூட்டுக்குள் இரவும் பகலும் எரிகிற மாதிரி. அதை ஒரு மரப்பெட்டிக்குள் எரியவிட்டு மூடினால் என்ன ஆகும்?

ஆகவே வெக்கையான இடத்தில் தரையின் அளவைவிடச் சுவர் எவ்வளவு திறந்திருக்கிறது, கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பவைதான் முக்கியம். கீழே ஒன்று அல்லது ஒன்றரை அடிக்கு மட்டும் அடைத்த சுவர், அதற்கு மேலே கூரை வரை கம்பிவலை. குறைந்தது எதிரெதிரான இரண்டு பக்கங்களிலாவது இப்படி இருக்க வேண்டும், மூன்று பக்கம் என்றால் இன்னும் நல்லது. கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் படும், நீளமான திறந்த பக்கங்கள் தப்பிக்கும். அந்தக் குறுகிய பக்கங்களை அடைத்துவிடலாம். கூரை மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உச்சி வெயிலும் சாரலும் உள்ளே வராது. அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவது நல்லது, எட்டு அடிக்கு எட்டு அடியைவிட ஐந்துக்குப் பதின்மூன்று குளிர்ச்சியாக இருக்கும். தரை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஒரு பக்கம் புகுந்த காற்று மறுபக்கம் போக ஐந்தடிதான் கடக்க வேண்டும்.

தகரக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கட்டிய இரண்டாவது கூட்டில் தரை தாராளமாக இருந்தது, கோழிக்கு ஆறு சதுர அடி. ஆனால் தகரத்தை என் இடுப்பு உயரத்தில் போட்டிருந்தேன், மரம் மிச்சமாகும் என்று. ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் அவ்வளவு இடம் இருந்தும் எட்டுக் கோழிகளும் வலையோரம் ஒரே வரிசையாக நிற்கின்றன. அலகு எல்லாம் வலைக் கண்ணுக்கு வெளியே, இறக்கை தொங்குகிறது, தொண்டை படபடவென்று அடித்துக்கொள்கிறது. நடுக்கூட்டில் ஒரு கோழி இல்லை. உள்ளே கையை நீட்டினேன். கோழி நிற்கும் உயரத்தில் புறங்கையில் தகரத்தின் சூடு அடுப்புப் பக்கம் போனது போல உறைத்தது. மரத்தில் மிச்சம் பிடித்தது இப்படித் தரையில் பாதியை வீணாக்கியது. அதற்கப்புறம் கூரையைக் கழற்றி ஆளுயரத்துக்கு மேல் தூக்கினேன், மேலே வெள்ளையடித்தேன், முகட்டில் ஒரு கை அளவுக்கு இடைவெளி விட்டு அதன் மேல் தொப்பி மாதிரி இன்னொரு தகரத்தைக் கவிழ்த்தேன். சூடான காற்று மேலே ஏறி அதன் வழியாகப் போய்விடும். தகரத்துக்குப் பதில் ஓலை, கோரை போட வசதி இருந்தால் அதுவே மேல், ஆனால் பாம்பும் எலியும் குடியேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வறண்ட வெக்கையும் புழுக்கமும் வேறு வேறு. வறண்ட இடத்தில் ஈரச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் தெளித்தால் காற்று குளிரும். கடலோரம் மாதிரிப் புழுக்கமான இடத்தில் அதைச் செய்தால் கேடு, ஏனென்றால் கோழி இரைப்பதன் மூலம் சூட்டைக் குறைப்பதே ஈரம் ஆவியாவதால்தான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக வழியில்லை. அங்கே உதவுவது ஓடும் காற்று மட்டும்தான். எனவே புழுக்கமான இடத்தில் கோழிக்கு ஒரு சதுர அடி கூடுதலாகக் கொடுங்கள், அடையும் கம்பிலும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி விடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் உட்கார இடம் இருக்க வேண்டும்.

மழை அதிகமுள்ள இடத்தில் கூட்டை நிறைய பெரிதாக்கத் தேவையில்லை. முற்றத்துக்குக் கூரை போடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். கூரை போட்ட முற்றம் பாதி விலையில் கிடைக்கும் கூடு. மேலே தகரம், சுற்றிலும் வலை, தரையில் உமியோ மரத்தூளோ. மழை நாளில் கோழி அங்கே கிளறிக்கொண்டிருக்கும், அதனால் உள்கூடு 4 சதுர அடிக் கணக்கில் இருந்தாலே போதும். சாரல் அடிக்கும் பக்கத்தில் தார்ப்பாய் தொங்கவிடுபவர்கள் பெரும்பாலும் அதை மேலே ஆணியடித்துக் கீழே இறக்குகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கீழ் விளிம்பைச் சுவரோடு கட்டிவிட்டு மேல் விளிம்பைக் கயிற்றால் இழுத்து ஏற்றுங்கள். கோழியின் மேல் சாரல் படாது, மேலே மட்டும் எப்போதும் ஒரு சாண் திறந்திருக்கும். கூட்டின் தரை சுற்றியுள்ள மண்ணைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்கட்டும்.

இப்போது குளிர். பெரிய கூடு கட்டினால் விறைத்துவிடும், சின்னதாகக் கட்டி இறுக்கி மூடினால் கோழிகளின் உடம்புச் சூட்டிலேயே கதகதப்பாக இருக்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த நூறு வாட் அங்கே உதவாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் உதவும். ஆனால் சூட்டோடு கோழி வெளியே விடும் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும், அது தண்ணீர். ஒரு முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். அதில் கொஞ்சம் முட்டைக்குப் போகும், மிச்சமெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வரும். எச்சத்தில் முக்கால் பங்கு நீர்தான். பனிக்காலத்தில் பத்துக் கோழிகள் நாள் முழுக்க உள்ளே இருந்தால், தினம் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீரைக் கூட்டுக்குள் ஊற்றுவதாக அர்த்தம். அது போக வழியில்லாவிட்டால் கூரையின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, சொட்டி, கோழியின் கொண்டையில் உட்காரும். உறைபனியில் கொண்டை நுனி கறுத்துப் போவதற்குப் பெரும்பாலும் இந்த ஈரம்தான் துணை. இறகு உலர்ந்திருந்தால், முகத்தில் நேராகக் காற்று அடிக்காவிட்டால், வளர்ந்த கோழி உறைநிலைக்குக் கீழேயும் நன்றாகவே தாங்கும். கனடாவில் உருவாக்கிய சாண்டிகிளேர் என்ற ரகத்துக்குக் கொண்டையும் தாடியும் பெயருக்குத்தான் இருக்கும். குளிருக்கென்றே அப்படித் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்.

இறுக்கி மூடிய கூட்டில் இன்னொரு தொல்லை அம்மோனியா. காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கைத் தாண்டக்கூடாது என்பது கோழிப்பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் எல்லை. அதற்குக் கருவி வேண்டியதில்லை, விடியற்காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து அடையும் கம்பின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். கண் கரித்தால் அதிகம். நின்றபடி மோந்து பார்த்துவிட்டு நாற்றமில்லை என்று சொல்லாதீர்கள், கோழி அந்த உயரத்தில் மூச்சு விடுவதில்லை. உள்ளேயே ஐந்து நிமிடம் நின்ற பிறகும் பார்க்காதீர்கள், மூக்கு பழகிவிடும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வுட்ஸ் என்ற மருத்துவர் ஒருவர் குளிர்நாட்டுக்கு முன்பக்கம் திறந்த கூட்டைப் பரிந்துரைத்தார். பத்தடி அகலம், பதினாறு அடி ஆழம். வெயில் வரும் முன்பக்கம் குளிர்காலத்திலும் வலை மட்டும்தான். மற்ற மூன்று பக்கங்களும் காற்றுப் புகாமல் அடைத்தவை. பின்பக்கம் வழியில்லாததால் முன்னால் வரும் காற்று ஆழத்துக்குப் போகாது. கோழிகள் பின்சுவரை ஒட்டி அசையாத, ஆனால் புதிதான காற்றில் தூங்கும். கூட்டின் பருமனைவிட அதன் வடிவம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இதைத்தான் நான் எப்போதும் காட்டுவேன்.

உங்களுக்கு அவ்வளவு துணிச்சல் வேண்டாம் என்றால், கோழியின் தலைக்கு மேலே, தாழ்வாரத்தின் அடியில் இரண்டு நீளச் சுவர்களிலும் திறப்பு விடுங்கள். மிதமான தட்பவெப்பத்தில் கோழிக்கு ஒரு சதுர அடித் திறப்பு என்பது பொதுவான கணக்கு. ஒன்பதடிச் சுவர் இரண்டிலும் ஏழு அங்குல உயரத்துக்கு விட்டால் பத்து சதுர அடிக்கு மேல் வந்துவிடும். கடுங்குளிரில் காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் பலகையால் மூடிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் மூடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் இரவில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கோழி உட்காரும் இடத்தில் பிடியுங்கள். புகை நேராக ஏறி மேலே திறப்பின் வழியாக மெல்ல வெளியேறினால் சரி. கோழியின் முகத்துப் பக்கம் படுத்துக்கொண்டு ஓடினால் அது ஊதல், அந்த ஓட்டையை அடையுங்கள். புகை கூரையடியில் போய் அங்கேயே சுருண்டு நின்றால் திறப்பு போதவில்லை.

குளிர்ப்பிரதேசத்தில் அடையும் கம்பு தட்டையாக, நாலு அங்குல அகலத்தில் இருக்கட்டும். கோழி உட்காரும்போது வயிற்று இறகு விரல்களை முழுதாக மூடும். கம்புக்குக் கோழி ஒன்றுக்கு 8 முதல் 10 அங்குலம், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. தரைக்கணக்கு போட்டவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பத்துக் கோழிக்குக் கம்பு மட்டும் 100 அங்குலம், அதாவது எட்டேகால் அடிக்கு மேல். ஆறுக்கு ஏழு என்று சதுரமாகக் கட்டினால் தரை 42 சதுர அடி வருகிறது, சரியாகத்தான் தெரியும், ஆனால் ஒரே கம்பில் பத்தும் உட்காராது. இரண்டாவது கம்பு போட வேண்டும், அதை முதல் கம்பின் உயரத்திலேயே போடுங்கள். உயர்த்தியோ தாழ்த்தியோ போட்டால் மேல்கம்புக்கு இரவெல்லாம் சண்டை, கீழே இருப்பதன் முதுகில் எச்சம்.

முட்டைப்பெட்டி நாலைந்து கோழிக்கு ஒன்று, ஓர் அடிக்கு ஓர் அடி. அடையும் கம்பைவிடத் தாழ்வாக, முடிந்தால் சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும்படி வையுங்கள், தரை மிச்சமாகும். வலை அரை அங்குலக் கண் உள்ளதாக, கெட்டிக் கம்பியில் இருக்க வேண்டும். மெல்லிய அறுகோண வலையை நாயும் கீரியும் கிழித்துவிடும்.

உங்கள் பத்துக் கோழிக்கே வருவோம். மிதமான ஊர், தினமும் வெளியே விடுவீர்கள் என்றால் ஐந்துக்கு ஒன்பது போதும், கம்பும் ஒரே வரிசையில் அடங்கிவிடும். வெக்கை என்றால் அதே அளவுதான் (புழுக்கமான ஊரில் மட்டும் ஐந்துக்குப் பத்து), ஆனால் சுவருக்குப் பதில் வலை, ஆளுயரத்துக்கு மேல் கூரை, மரநிழலில் நூறு சதுர அடி முற்றம். மழை நீண்டால் அந்த முற்றத்தின் மேல் கூரை. வாரக்கணக்கில் பனி கிடக்கும் இடம் என்றால் எட்டுக்குப் பன்னிரண்டு கட்டுங்கள், நூறு சதுர அடி சொன்னவர் அங்கே ஜெயிக்கிறார். பணம் போதாவிட்டால் உள்கூடு ஐந்துக்கு ஒன்பது, அதை ஒட்டி ஐம்பது சதுர அடிக்குக் கூரை போட்டுக் காற்றுப் பக்கம் அடைத்த முற்றம். இரண்டும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று, குறுகிய சுவர் ஒன்றை மட்டும் ஆணி அடிக்காமல் திருகாணியால் மாட்டி வையுங்கள். பத்து என்று தொடங்கியவர் யாரும் பத்தில் நின்று நான் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு ஏதாவது ஒரு பெட்டை புதரில் அடைகாத்துப் பதினொரு குஞ்சுகளோடு வாசலில் வந்து நிற்கும்போது, அந்தச் சுவரைக் கழற்றி நாலடி நீட்டிக்கொள்ளலாம்.